நாட்குறிப்பில் ஒரு பெருக்கல் குறி

ஓர் ஆந்தையும் ஒரு பூனையும் பச்சைப் பட்டாணி நிறப் படகில் ஏறிக் கடலுக்குப் போகின்றன. கையில் கொஞ்சம் தேன், நிறையப் பணம். ஓர் ஆண்டும் ஒரு நாளும் பயணம் செய்து ஒரு காட்டை அடைகின்றன. அங்கே ஒரு பன்றியின் மூக்கில் இருக்கும் வளையத்தை விலைக்கு வாங்கிக்கொள்கின்றன. வான்கோழி நடத்தி வைக்க, இரண்டுக்கும் திருமணம் நடக்கிறது! பிறகு நிலா வெளிச்சத்தில், கடற்கரை மணலில் கைகோர்த்து ஆடுகின்றன.

ஆங்கிலத்தில் உள்ள இந்தப் பாட்டை உங்களில் சிலர் பள்ளியில் படித்திருக்கலாம். இதை எழுதியவர் எட்வர்ட் லியர். சல்லடையில் உட்கார்ந்து கடல் கடந்தவர்களைப் பற்றியும், தாடிக்குள் பறவைகள் கூடு கட்டிவிட்ட தாத்தாவைப் பற்றியும் பாட்டு எழுதியவர் இவர்தான். 150 ஆண்டுகளுக்கும் மேலாக உலகக் குழந்தைகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறார்.

இத்தனை பேரைச் சிரிக்க வைத்த மனிதர், ஐந்தாறு வயதிலிருந்து சாகும் வரை ஒரு ரகசியத்தை நெஞ்சுக்குள் வைத்திருந்தார். தன் நெருங்கிய நண்பர்களிடம்கூட அதைச் சொல்லவில்லை. அவருக்கு வலிப்பு நோய் இருந்தது என்பதுதான் அந்த ரகசியம்.

அக்காவே அம்மா

எட்வர்ட் லியர் 1812-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி, லண்டன் நகரை ஒட்டிய ஹாலோவே என்ற ஊரில் பிறந்தார். அப்பா பங்குத் தரகர். வீட்டில் மொத்தம் 21 பிள்ளைகள் பிறந்ததாகவும், லியர் அவர்களில் 20-ஆவது என்றும் சொல்வார்கள். அவர்களில் பலர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டார்கள்.

லியருக்கு நான்கு வயது இருக்கும்போது அப்பாவுக்குத் தொழிலில் பெரும் நஷ்டம் ஏற்பட்டது. குடும்பம் ஆட்டம் கண்டது. அம்மாவால் எல்லாப் பிள்ளைகளையும் கவனிக்க முடியவில்லை. சின்னஞ்சிறு எட்வர்டை மூத்த மகள் ஆனிடம் ஒப்படைத்துவிட்டார். ஆன் தம்பியைவிட 21 வயது மூத்தவர். அன்று முதல் அவரே எட்வர்டுக்கு அம்மாவானார்.

அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எட்வர்டுக்கு வலிப்பு வரத் தொடங்கியது. அதோடு ஆஸ்துமாத் தொல்லை, கண்பார்வைக் குறைவு. அதனால் அவர் பள்ளிக்கூடம் சென்ற காலம் மிகக் குறைவு. படிப்பெல்லாம் வீட்டில்தான். ஆன் கதை படித்துக் காட்டுவார். ஆனும் இன்னொரு அக்காவான சாராவும் பூக்களையும் பறவைகளையும் எப்படி வரைவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். நோயாளிப் பிள்ளை என்று மூலையில் உட்கார வைக்காமல் கையில் தூரிகையைக் கொடுத்தார்கள். அதுதான் பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்டது.

கிளிகளோடு ஒரு வாலிபன்

15 வயதிலேயே லியர் சம்பாதிக்க வேண்டியதாயிற்று. கிடைத்த வேலையை எல்லாம் செய்தார். விசிறிகளில் படம் வரைந்தார். மருத்துவர்களுக்காக நோயின் அறிகுறிகளை வரைந்து கொடுத்தார்.

18 வயதில், லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் இருந்த கிளிகளை வரைய அனுமதி கிடைத்தது. அந்தக் காலத்து ஓவியர்கள் பெரும்பாலும் பஞ்சடைத்து வைத்த செத்த பறவைகளைப் பார்த்துத்தான் வரைவார்கள். லியரோ கூண்டுக்கு அருகில் போய் உட்கார்ந்து, உயிருள்ள கிளிகளையே பார்த்து வரைந்தார். காவலர் கிளியைப் பிடித்துக்கொள்ள, இறக்கையின் நீளத்தையும் காலின் நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்வார். பிறகு தானே கல்லச்சில் வரைந்து படங்களை அச்சிட்டார். 42 படங்கள் கொண்ட அந்தக் கிளிப் புத்தகம் 1830 முதல் 1832 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. வயதில் மூத்த அறிஞர்களும் பார்த்து வியந்தார்கள். பிரேசில் நாட்டில் வாழும் ஒரு நீல நிறப் பெருங்கிளிக்கு 1856-இல் லியரின் பெயரையே வைத்தார்கள். இன்றும் அதன் பெயர் 'லியர் மக்கா'தான்.

கிளிப் படங்களைப் பார்த்த ஒரு பிரபு, தன் மாளிகைக்கு வரும்படி லியரை அழைத்தார். லிவர்பூல் நகருக்கு அருகில் நோஸ்லி என்ற இடத்தில் அந்த மாளிகை இருந்தது. அங்கே சொந்தமாக ஒரு விலங்குக் காட்சிச் சாலையே இருந்தது! அந்த விலங்குகளையும் பறவைகளையும் வரைவது லியரின் வேலை.

அந்த வீட்டில் நிறையக் குழந்தைகள். மாலையில் அவர்களுக்காக லியர் ஐந்து வரிக் கிறுக்குப் பாட்டுகளைக் கட்டிப் பாடுவார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கோணல்மாணல் படம் போடுவார். பேரப்பிள்ளைகள் சாப்பாடு முடிந்ததும் எங்கே ஓடிவிடுகிறார்கள் என்று பெரியவர் விசாரித்தாராம். கீழ்த்தளத்தில் இருக்கும் லியரிடம்தான் ஓடுகிறார்கள் என்று தெரிந்ததும், லியரையே மேலே அழைத்துத் தம்மோடு சாப்பிட உட்கார வைத்துவிட்டார் என்று சொல்வார்கள்.

தொப்பிக்குள் இருந்த பெயர்

லண்டன் குளிரும் பனிமூட்டமும் லியரின் மூச்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பறவைகளின் சிறகுகளை நுணுக்கமாக வரைவதற்குக் கண்ணும் ஒத்துழைக்கவில்லை. அதனால் 1837-இல் இத்தாலி நாட்டின் ரோம் நகருக்குப் போய்விட்டார். மலைகள், ஏரிகள், பழைய கட்டடங்கள் ஆகியவற்றை வரையும் இயற்கைக் காட்சி ஓவியரானார். கிரீஸ், அல்பேனியா, எகிப்து, பாலஸ்தீனம் என்று ஊர் ஊராகச் சுற்றினார். 1846-இல் இங்கிலாந்து வந்திருந்தபோது, விக்டோரியா மகாராணிக்கே ஓவியம் சொல்லிக் கொடுத்தார்.

அதே 1846-இல் அவருடைய கிறுக்குப் பாட்டுகள் முதன்முதலாகப் புத்தகமாக வந்தன. அதில் தன் பெயரைப் போடாமல் வேடிக்கையான ஒரு புனைபெயரைப் போட்டிருந்தார். 1861-இல் வந்த பெரிய பதிப்பில்தான் சொந்தப் பெயர் இடம் பெற்றது. அப்போதும் பலர் நம்பவில்லை. ஆங்கிலத்தில் பிரபுவைக் குறிக்கும் 'ஏர்ல்' என்ற சொல்லின் நான்கு எழுத்துகளை இடம் மாற்றினால் 'லியர்' என்று வரும். ஆகவே, உண்மையில் இதை எழுதியது அந்த மாளிகைப் பிரபுதான் என்று பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் ரயிலில் ஒரு பெரியவர் இப்படியே எல்லாரிடமும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எட்வர்ட் லியர் என்று ஒரு மனிதரே கிடையாதாம்! எதிரில் உட்கார்ந்திருந்த லியர் சும்மா இருப்பாரா? தன் தொப்பியைக் கழற்றி, உள்ளே எழுதியிருந்த பெயரைக் காட்டினார். கைக்குட்டையில் இருந்த பெயரையும் காட்டினார். பெரியவர் வாயடைத்துப் போனார். இந்தக் காட்சியையும் லியர் ஒரு வேடிக்கைப் படமாக வரைந்து வைத்தார்.

ஆந்தையும் பூனையும் பாட்டு 1867-இல் எழுதப்பட்டது. நண்பர் ஒருவரின் சின்ன மகள் உடல்நலம் இல்லாமல் படுத்திருந்தாள். அவளைச் சிரிக்க வைப்பதற்காக எழுதிக் கொடுத்த பாட்டு அது.

யாருக்கும் தெரியாத குறி

லியருக்கு நாள்தோறும் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. 1858 முதல் அவர் எழுதிய நாட்குறிப்புகள் இன்றும் அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அன்று எங்கே போனார், யாரைப் பார்த்தார், என்ன சாப்பிட்டார், எத்தனை படம் விற்றது என்று எல்லாம் அதில் இருக்கும். ஆனால் சில நாட்களின் பக்கத்தில் மட்டும் ஒரு பெருக்கல் குறி இருக்கும்.

அன்றைக்கு அவருக்கு வலிப்பு வந்தது என்று பொருள். அதைச் சொற்களால் எழுதக்கூட அவருக்கு மனம் வரவில்லை. சில மாதங்களில் இந்தக் குறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அந்த நோயை அவர் பூதம் என்றே அழைத்தார்.

வலிப்பு வருவதற்குச் சற்று முன்னால் அவருக்கு உடம்பில் ஒரு மாற்றம் தெரியும். உடனே எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அங்கே தனியாக அந்த வேதனையை அனுபவித்துவிட்டு, ஓய்ந்த பிறகு வெளியே வருவார். நண்பர்கள் ஒருவருக்கும் தெரியாது. வாழ்நாள் முழுவதும் இதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லையே என்று அவரே ஆச்சரியத்தோடு எழுதி வைத்திருக்கிறார்.

ஏன் இப்படி மறைத்தார்? அந்தக் காலத்தில் வலிப்பு நோயாளிகளைப் பார்த்து மக்கள் பயந்தார்கள். மனநலம் குன்றியவர்களோடு சேர்த்து அவர்களை அடைத்து வைத்ததும் உண்டு. மன அடக்கம் இல்லாதவர்களுக்கு இந்த நோய் வரும் என்று மருத்துவர்களிலேயே பலர் நம்பினார்கள். லியரும் அதை நம்பிவிட்டார். தன்னுடைய தவறால்தான் வலிப்பு வருகிறது என்று தன்னையே நொந்துகொண்டார். ஒரு தவறும் செய்யாத மனிதர் 70 ஆண்டுகள் குற்றவாளிபோல் ஒளிந்து வாழ்ந்தார். அவரைப் புரிந்துகொண்ட ஆன் அக்காவும் 1861-இல் காலமானார். லியர் திருமணமும் செய்துகொள்ளவில்லை. அதற்கு இந்த நோயின் பயமும் ஒரு காரணம்.

நம் ஊருக்கு வந்த லியர்

நோய் இருக்கிறதே என்று லியர் வீட்டில் முடங்கிவிடவில்லை. அப்போது இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த நார்த்புரூக் பிரபு அவருடைய நண்பர். அவர் அழைப்பின் பேரில் 1873 நவம்பரில் லியர் பம்பாயில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 61. கையில் காகிதமும் வண்ணமும். துணைக்கு ஜார்ஜியோ என்ற பணியாளர்.

டார்ஜிலிங் போய்க் கஞ்சன்ஜங்கா சிகரத்தை வரைந்தார். காசியின் படித்துறைகளையும் ஆக்ராவின் தாஜ்மகாலையும் வரைந்தார். 1874-இல் தெற்கே வந்தார். சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம், தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றினார். குன்னூர், ஊட்டி மலைகளையும் பார்த்தார். பிறகு இலங்கைக்கும் போனார். ரயிலும் மாட்டுவண்டியும் பல்லக்குமாக ஓராண்டுக்கும் மேல் நீண்ட பயணம் அது. திடகாத்திரமான இளைஞனே களைத்துப் போவான். வலிப்பும் ஆஸ்துமாவும் உள்ள அந்தப் பெரியவர் நூற்றுக்கணக்கான ஓவியங்களோடு ஊர் திரும்பினார்.

கடைசிக் காலத்தில் இத்தாலியின் சான் ரெமோ என்ற கடற்கரை ஊரில் வாழ்ந்தார். கூடவே ஃபாஸ் என்ற குட்டை வால் பூனை. ஒரு வீட்டை விட்டு வேறு வீடு கட்ட வேண்டி வந்தபோது, பூனை குழம்பிவிடக் கூடாது என்று பழைய வீட்டைப் போலவே புது வீட்டையும் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. ஃபாஸ் 1887-இல் இறந்தது. சில மாதங்களில், 1888 ஜனவரி 29 அன்று, லியரும் கண் மூடினார்.

பூதம் இல்லை, மின்சாரம்

லியர் இந்தியாவில் கால் வைத்த அதே 1873-ஆம் ஆண்டில், லண்டனில் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற மருத்துவர் வலிப்புக்கு ஒரு விளக்கம் எழுதினார். அதுதான் இன்று நாம் அறிந்துள்ள அறிவியலுக்கு அடிப்படை.

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. மிக மெல்லிய மின்சாரத்தால் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பதில் சொன்னால் பாடம் நடக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால்? ஒன்றும் கேட்காது அல்லவா? அதுபோல, நிறைய செல்கள் ஒரே சமயத்தில் அளவுக்கு மீறி மின்சாரத்தை வெளிவிட்டால், சிறிது நேரம் உடம்பு மூளையின் கட்டுப்பாட்டில் இருக்காது. அதுதான் வலிப்பு. தலையில் அடிபடுதல், மூளையில் கிருமித் தொற்று, பிறப்பிலேயே உள்ள குறை என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. பலருக்குக் காரணமே தெரிவதில்லை. பேய் பிடிப்பதாலோ, யாரோ செய்த பாவத்தாலோ வருவதில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளவும் செய்யாது.

1924-இல் ஹன்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் மருத்துவர் மனித மூளையின் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடுகளாகப் பதிவு செய்தார். இன்று நம் மருத்துவமனைகளில் எடுக்கும் இ.இ.ஜி. பரிசோதனை அதுதான். 1912-இலும் 1938-இலும் நல்ல மருந்துகள் கண்டுபிடிக்கப்பட்டன. இப்போது இன்னும் பல மருந்துகள் உள்ளன. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 10 பேருக்கு 7 பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்றும் அது சொல்கிறது.

லியர் உங்கள் வகுப்பில் இருந்தால்?

குழந்தைகளே! இப்போது எட்வர்ட் என்ற அந்தச் சிறுவன் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று அவன் கீழே விழுகிறான். கை கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது. பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஓடிவிடாதீர்கள். ஒருவர் ஆசிரியரை அழைத்து வரட்டும். மற்றவர்கள் இவற்றைச் செய்யுங்கள்:

* மணியைப் பாருங்கள். எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று தெரிய வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும்.

* பக்கத்தில் உள்ள பெஞ்சு, பை, கூர்மையான பொருள்களை நகர்த்துங்கள். தலைக்கு அடியில் மடித்த துணி வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள்.

* முடிந்தவுடன் மெதுவாக ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வந்துவிடும். மூச்சு தடைபடாது.

* கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாய்க்குள் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்காதீர்கள். முழு நினைவு வரும் வரை தண்ணீர் கொடுக்காதீர்கள்.

* கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது வெறும் நம்பிக்கை. தானாக நிற்கும் நேரத்தில் யாராவது சாவி கொடுத்திருப்பார்கள். பெயர் சாவிக்குப் போய்விட்டது!

* ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, மறுபடி மறுபடி வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ 108 ஆம்புலன்ஸை அழைக்கப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். இதுதான் முதல் தடவை என்றாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

இன்னொரு வகை வலிப்பும் உண்டு. விழமாட்டார்கள், கை கால் இழுக்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது சில விநாடிகள் அப்படியே வெறித்துப் பார்ப்பார்கள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் எழுதத் தொடங்குவார்கள். வகுப்பில் கனவு காண்கிறாயா என்று இவர்கள் திட்டு வாங்குவதும் உண்டு. உங்கள் நண்பருக்கு அடிக்கடி இப்படி நேர்ந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

வலிப்பு நின்று கண் விழிக்கும்போது அவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். களைப்பாக இருக்கும். சில சமயம் உடை நனைந்திருக்கும். அதைச் சொல்லிச் சிரிக்காதீர்கள். கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றுமில்லை, நான் இருக்கிறேன் என்று சொன்னால் போதும். சான் ரெமோ வீட்டின் சாத்திய கதவுக்குப் பின்னால் லியருக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒரு சொல்தான்.

உங்களுக்கே வலிப்பு இருக்கிறதா? கவலை வேண்டாம். மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். இரவு நன்றாகத் தூங்குங்கள். நீந்தும்போது பக்கத்தில் விவரம் தெரிந்த பெரியவர் இருக்கட்டும். மற்றபடி பள்ளிக்கூடம், விளையாட்டு, பாட்டு, படம் எதையும் விட்டுவிட வேண்டியதில்லை. வகுப்பு ஆசிரியரிடமும் நம்பிக்கையான ஒரு நண்பரிடமும் உங்கள் நோயைப் பற்றிச் சொல்லி வையுங்கள்.

அப்புறம் லியரைப் போல நீங்களும் ஒரு நாட்குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பு வந்த நாளில் பெருக்கல் குறி போடுங்கள். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, முந்தைய இரவு தூங்கினீர்களா என்பதையும் அம்மா, அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். இன்றைய மருத்துவர்கள் கேட்பது இந்தக் குறிப்பைத்தான். எத்தனை மாத்திரை, எந்த மாத்திரை என்று முடிவு செய்ய அது உதவும்.

லியர் தன் குறிகளை யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்தார். நீங்கள் உங்கள் நாட்குறிப்பைத் தைரியமாக மருத்துவரிடம் காட்டுங்கள்.